பதில் எழுதியிருந்தால் போதும்

செல்வக்கனி அந்த அலுவலகத்துக்கு வருவது இது ஐந்தாவது தடவை. முந்தைய நான்கு மனுக்களின் நகல்களையும் தேதிவாரியாக அடுக்கி, ஓரத்தில் துளை போட்டு, நாடாவால் கட்டிக் கையில் வைத்திருந்தாள். முப்பது வருஷமாக இங்கிலீஷ் டீச்சர். பொருள், பார்வை, இணைப்பு என்று வரிசையாகத் தலைப்புப் போடாமல் அவளுக்கு ஒரு விடுப்பு விண்ணப்பம்கூட எழுத வராது. அந்த ஒழுங்கெல்லாம் இங்கே செல்லுபடியாகவில்லை. நான்குக்கும் ஒரே பதில்தான் வந்திருந்தது. "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. முடிவில் மாற்றம் இல்லை."

முடிவு என்னவென்றால், மூன்று பேர் சாவுக்கு அவள் தம்பி சகாயம்தான் காரணம்.

சொன்னது நீதிபதி இல்லை. சுட்டி. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு வரி நீளம். யாரையாவது ஒருத்தரைச் சுட்டிக் காட்டிவிடும் என்பதால் ஜனங்கள் சுருக்கமாகச் சுட்டி என்றார்கள். தொழிற்சாலை விபத்து விசாரணை பத்து வருஷம், பதினைந்து வருஷம் இழுத்து, சாட்சிகள் செத்து, கம்பெனிகள் பெயர் மாறி, கடைசியில் யாருமே பொறுப்பில்லை என்று வழக்குக் கோப்பை மூடிவைத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் கொடுமைக்கு மாற்றாகத்தான் இது வந்தது. விபத்து நடந்த இடத்தில் எழுதிய அறிக்கை, பதிவேடு, வாக்குமூலம் அத்தனையையும் அது வாசிக்கும். அவர் சொன்னார், அவர் செய்தார் என்று வருகிற ஒவ்வொரு 'அவர்' யார் என்று பார்த்துப் பெயரோடு கோடு இழுத்துவிடும். நாற்பது நிமிஷ வேலை. அதற்கப்புறம் யார் செய்தது என்பதில் பேச்சே கிடையாது. என்ன தண்டனை என்று சொல்வது மட்டும்தான் நீதிபதிக்கு மிச்சம். சுட்டி வந்த புதிதில் செல்வக்கனியும் கைதட்டியவள்தான்.

சகாயம் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் குளிர்சாதனப் பிரிவு ஃபிட்டர். மார்ச் மாதம் ஒரு காலையில் அமோனியாக் குழாய் வெடித்தது. இறால் உரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் கூடை சுமக்கிற ஒரு ஆளும் செத்துப்போனார்கள். மூன்று பேரையும் ஒவ்வொருத்தராக வெளியே இழுத்துக்கொண்டு வந்து போட்டவன் சகாயம். அதில் அவன் நுரையீரலும் வெந்தது, கண்ணும் மங்கிப்போனது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால், கண் முழுக்கக் கட்டுமுன்னே, ஷிஃப்டில் இங்கிலீஷ் தெரிந்தவன் நீதானே என்று பேப்பரை நீட்டினார்கள். எழுதிக் கொடுத்தான். இங்கிலீஷில் ஆறே வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'வாசனை வந்தது. தெரிவிக்கப்பட்டது. அவர் நிறுத்தவில்லை. வால்வு மூடப்படவில்லை. மூவர் விழுந்தனர். அவர் வரவில்லை.'

கீழே கையெழுத்து, சகாயம்.

அந்தத் தாளில் இருந்த ஒரே பெயர் அதுதான். ரிப்போர்ட் எழுதும்போது 'நான்' வரக்கூடாது, செய்தவன் பெயரை முன்னால் நிறுத்தக்கூடாது, செயலை மட்டும் சொல்ல வேண்டும் என்று அவனுக்குப் பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது செல்வக்கனிதான். அக்கா சொன்னபடியே எழுதியிருந்தான். பேனா ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

முந்தின நாள் ஜெயிலில் பார்த்தபோது, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள் மறுபடியும் கேட்டாள்.

"அந்த 'ஹி' யாருன்னு இப்பவாவது சொல்லுடே."

"சார்தாங்க்கா."

"எந்த சாரு?"

"ஷிஃப்ட் சாரு."

"சாருக்குன்னு ஒரு பேரு கெடையாதா?"

"இருக்கும். யாரு கேட்டா? ஏஜென்சில இருந்து போடுத ஆளு. மாசத்துக்கு ஒருத்தரா மாறுவாவ. மேல கண்ணாடி ரூம்ல இருப்பாவ, இண்டர்காம்ல குரல் மட்டும் வரும். வாசம் அடிக்கி சார்னு சொன்னேன். லோடு போகட்டும், நிப்பாட்டாதேன்னாவ. ரெண்டு தடவ சொன்னேன்க்கா."

"பேரைப் போட்டு எழுதித் தொலச்சிருக்கலாம்லா."

"தெரிஞ்சாலும் எழுதிருக்க மாட்டேன். மேல உள்ளவிய பேரை யாராச்சும் தாள்ல எழுதுவாங்களா? 'ஹி'ன்னு போட்டா எல்லாருக்கும் தெரியும்லா, யாருன்னு. வருஷக்கணக்கா அப்படித்தான எழுதிக்கிட்டு இருக்கோம்."

"கம்பெனிக்காரன் அப்படி ஒரு வேலையே எங்ககிட்ட கெடையாதுன்னு எழுதிக் குடுத்துட்டான்."

"அவன் குடுப்பான்." சகாயம் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். ஜெயில் டாக்டர் செல்வக்கனியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நெஞ்சு இருக்குற நெலைமைக்கு, இந்தக் காத்தோட்டம் இல்லாத கொட்டடில இன்னொரு வெயில் காலம் தாங்காதும்மா. ஏதாவது பாருங்க." இன்னும் ஒன்பது நாளில் முடிவு உறுதியாகிவிடும். அதற்கப்புறம் யாரும் எதையும் பார்க்க முடியாது.

அதனால்தான் ஐந்தாவது தடவை.

அலுவலகத்தில் தொழில்நுட்ப அலுவலர் நிலோஃபர் என்ற பெண். ஆம்பூர்க்காரி, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முதல் நான்கு தடவையும் கவுண்டரில் நிற்கவைத்தே பேசி அனுப்பியவள், இந்தத் தடவை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

"மேடம், உங்க மனு எல்லாத்தையும் நான் படிச்சேன். இவ்ளோ சுத்தமா யாரும் எழுதி நான் பாத்ததில்ல. ஆனா நீங்க எழுதுறது எல்லாமே 'அவர் என் தம்பி இல்லை'ன்னுதான் இருக்கு. வேற யாருன்னு ஒரு இடத்துல கூட இல்ல."

"யாருன்னு தெரியலம்மா. தெரியாததை எப்படி எழுத? அந்தத் தாள்லயே அந்த ஆள் பேரு கெடையாது. உங்க மெஷின் 'தெரியவில்லை'ன்னு சொல்ல வேண்டியதுதான?"

"அது அப்படிச் சொல்லாது."

"சொல்லாதா, சொல்ல முடியாதா?"

நிலோஃபர் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். "அதுக்கு யாரும் அப்படிச் சொல்லிக் குடுக்கல. பேர் இல்லன்னு சொல்றது தப்பான பதில்னுதான் அது கத்துக்கிட்டிருக்கு. ஏன்னு எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம். ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால எந்தப் பாடம் அதிகமா பேசிச்சுன்னு ஒரு பட்டியல் வரும். சட்டப்படி கேக்குறவங்களுக்குக் காட்டணும். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

"காட்டுங்க."

"இது எதை வச்சுப் படிச்சுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாமல் என்ன? ஆசிரியர் சங்கத்தில் அதற்கென்று விழாவே நடத்தினார்கள். இந்த மாநிலத்துத் தொழிலாளி எழுதுகிற இங்கிலீஷ் புத்தகத்து இங்கிலீஷ் இல்லை, பத்தாம் வகுப்பு நோட்ஸ் இங்கிலீஷ். அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த இங்கிலீஷில்தான் படிக்க வேண்டும். அதனால் பொதுத்தேர்வு விடைத்தாள்களை மூட்டை மூட்டையாக ஸ்கேன் செய்து சுட்டிக்குக் கொடுத்தார்கள். சுட்டுப்பெயர் யாரைக் குறிக்கிறது என்ற கேள்விக்குப் பிள்ளைகள் எழுதிய பதில், அதற்கு ஆசிரியர்கள் போட்ட சிவப்பு மை டிக், சிவப்பு மை பெருக்கல் குறி. லட்சக்கணக்கில். 'தமிழ்நாட்டு ஆசிரியரின் பேனாவே நாளை நீதி சொல்லும்' என்று மேடையில் யாரோ பேசியது செல்வக்கனிக்கு ஞாபகம் இருந்தது. சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

திரையில் பட்டியல் வந்தது. முதல் நூறு தாளும் ஒரே வருஷம், ஒரே கேள்வி எண், இருபத்து மூன்று. நிலோஃபர் ஒரு தாளைத் தொட்டுப் பெரிதாக்கினாள். அதன் மூலையில் சிவப்பு மையில் ஒரு சுருக்கொப்பம். அதற்குள் வளைந்து கிடந்த 'எஸ்'ஸைச் செல்வக்கனி எத்தனையோ ஆயிரம் தடவை போட்டிருக்கிறாள்.

"இது என் கையெழுத்து" என்றாள்.

பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய மே மாதம். விடைத்தாள் திருத்தும் முகாம், சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், காற்றாடி சுற்றினால் தாள் பறக்கும் என்று காற்றாடியையும் நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செல்வக்கனி அவள் மேசைக்கு முதன்மைத் திருத்துநர். அவளுக்குக் கீழே ஆறு பேர். முதல் கட்டிலேயே குருபாதம் சார் தலையைத் தூக்கினார்.

"டீச்சர், இருபத்து மூணைக் கொஞ்சம் பாருங்க. இந்த ஹி எவன்?"

வெள்ளத்தில் படகு கவிழ்ந்த கதை ஒன்று கொடுத்திருந்தார்கள். 'அவர் கயிற்றை அறுத்தார்' என்று ஒரு வரி. அந்த அவர் யார் என்பது கேள்வி. படகோட்டியைப் பற்றிய வரி அச்சில் விழுந்துபோயிருந்தது. மிச்சம் இருந்த பெயர்கள் கரையில் நின்ற பையன் ரகு, தலைமையாசிரியர் தாமஸ், அப்புறம் டைகர் என்று ஒரு நாய்.

"என் கட்டுல பாதிப் பேரு ரகுன்னு எழுதிருக்கான்" என்றாள் நிர்மலா டீச்சர்.

"எனக்கு ஒருத்தன் டைகர்னு எழுதிருக்கான். நாய் போயி கயித்த அறுத்துச்சாம்!"

"பல்லு இருக்குல்லா, அறுக்கும்."

சிரித்தார்கள். ஆனால் விஷயம் சிரிப்பில்லை. அந்த ஒரு மார்க்கில் எத்தனையோ பிள்ளைகள் முப்பத்து நான்கில் நின்றுவிடும். கேள்வி தப்பாக வந்தால் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வியைத் தொட்ட எல்லாருக்கும் முழு மார்க். பதில் எழுதியிருந்தால் போதும். செல்வக்கனி உட்கார்ந்து, பொருள், பார்வை எல்லாம் போட்டு முகாம் அலுவலருக்குக் கடிதம் எழுதினாள். மறுநாள் மாநிலம் முழுக்க உத்தரவு வந்தது. அவள் எழுதிய வாசகமே அப்படியே வந்திருந்தது: 'ஏதேனும் ஒரு பெயர் எழுதியிருப்பின் முழு மதிப்பெண் வழங்கலாம்.' அன்றைக்கு அவள் மேசையில் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தாள்.

மத்தியானம் குருபாதம் சார் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இந்தப் புள்ள என்ன எழுதிருக்கு பாருங்க டீச்சர். 'இதில் அவர் பெயர் இல்லை'ன்னு எழுதிருக்கு. உண்மையத்தான எழுதிருக்கு?"

"உண்மைதான் சார். ஆனா உத்தரவுல ஒரு பேரு எழுதிருக்கணும்னுல்லா இருக்கு. பேரு எங்க இருக்கு?"

"நாய்க்கு மார்க் போட்டோமே."

"அதுல பேரு இருக்கே சார்."

அவர் தாளை மேசையில் வைத்தார். அவளே பேனாவை வாங்கிப் பெருக்கல் குறி போட்டாள். பக்கத்தில் பூஜ்யம். அதன் கீழே சுருக்கொப்பம்.

இப்போது அதே தாள் திரையில் இருந்தது. பட்டியலில் முதல் இடம் அதற்குத்தான்.

"இதே மாதிரி மாநிலம் முழுக்க நாலாயிரத்துச் சொச்சம் தாள்" என்றாள் நிலோஃபர். "பேர் இல்லன்னு எழுதினது எல்லாத்துக்கும் பூஜ்யம். எந்தப் பேர் எழுதினாலும் டிக். ஒரு விதிவிலக்குகூட இல்ல. மத்த பாடத்துல எல்லாம் ஆசிரியருங்க அங்கங்க முன்னப்பின்ன போட்டிருப்பாங்க. இது ஒண்ணுலதான் எல்லாரும் ஒரே குரல். அதனால இதைத்தான் அது ரொம்ப உறுதியா நம்புது. பேர் இல்லாத இடத்துல, கிட்ட எந்தப் பேர் கிடக்கோ அதை எடுத்துக்கும். சந்தேகமே படாது."

செல்வக்கனிக்குத் தண்ணீர் வேண்டும்போல இருந்தது. கேட்கத் தோன்றவில்லை.

"நான் எழுதிக் குடுக்கேன்" என்றாள். "'ஏதேனும் ஒரு பெயர்'னு அந்த உத்தரவு வாசகம் நான் எழுதுனதும்மா. தப்பு என்னோடதுன்னு, எந்த வருஷம், எந்த முகாம், எந்த உத்தரவு, எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கேன். அந்தத் தாளையெல்லாம் எடுத்துருங்க."

"எழுதுங்க மேடம், நானே மேல அனுப்புறேன். அது சென்னைக்குப் போய், குழு போட்டு, அவங்க கூடி… ரெண்டு வருஷம் ஆகும். அப்பவும் எடுப்பாங்கன்னு சொல்ல மாட்டேன். இதை எடுத்தா ஒன்பது வருஷமா சொன்ன முடிவு எல்லாத்தையும் திறக்கணும். நாப்பதாயிரம் பேர். அதுல பாதிப் பேர் தண்டனையை முடிச்சிட்டாங்க. கொஞ்சம் பேர் இல்லவே இல்ல."

"எனக்கு ஒன்பது நாள்தான் இருக்கு."

நிலோஃபர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். உட்காரவில்லை.

"துணை வாக்குமூலம்னு ஒண்ணு குடுக்கலாம். ஒரு பக்கம் போதும். அதுல ஒரு பேர் இருந்தா முடிவு மாறும்."

"எந்தப் பேரு?"

"நான் ஒண்ணும் சொல்லல மேடம்."

"தெரியாம கேக்கேன். எந்தப் பேரு?"

"உங்க வாசகம்தானே அது" என்றாள் நிலோஃபர். சொன்னபிறகு அவளுக்கே கஷ்டமாகிவிட்டது போல. மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து டீச்சர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வீட்டுக்கு வந்து முதல் காரியமாகச் செல்வக்கனி சென்னைக்குக் கடிதத்தை எழுதினாள். நான்கு பக்கம், இணைப்பு பதினொன்று. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்து, விபத்தன்று இருந்தவர்களின் பணிப் பட்டியலை மேசையில் விரித்தாள்.

பதினொரு பேர். பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிற முறைதான். முதலில் ஒருமையா பன்மையா என்று பார். அப்புறம் ஆணா பெண்ணா என்று பார். பொருந்தாததை அடித்துவிடு. 'ஹி' ஒருமை, ஆண். பென்சிலால் ஏழு பெண்களின் பெயரை அடித்தாள். ஆண்கள் நான்கு பேர். ஒன்று சகாயம். இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள், குடும்பத்தோடு, பிள்ளை குட்டியோடு. அடித்தாள். மிஞ்சியது ஒரு பெயர். ஆவுடைநாயகம், கூடை சுமப்பவர், வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது நாள், மரணம்.

செத்தவரை ஜெயிலில் போட முடியாது. அவள் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

பொய் எழுதக்கூடாது என்று மட்டும் உறுதியாக இருந்தாள். அவர் நின்றிருந்து விழுந்த இடத்தைச் சகாயம் சொல்லியிருக்கிறான், வால்வுக்குப் பக்கத்தில். அதை மட்டும் எழுதினாள். சகாயத்தின் ஆறு வரியையும் வரிசை மாறாமல் மறுபடி எழுதி, இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். 'ஆவுடைநாயகம் வால்வு அருகில் நின்றிருந்தார்.' அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. அடுத்த வரி 'அவர் நிறுத்தவில்லை' என்று தொடங்கியது.

ஜெயிலில் சகாயம் தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். கண்ணில் நீர் வழிந்தது, எழுத்து பிடிபடவில்லை.

"வாசிச்சுக் காட்டட்டுமா?" என்றாள். அவன் சரி என்று சொல்லிவிடக் கூடாதே என்றிருந்தது அவளுக்கு.

"நீ எழுதுனதுல என்னத்தை வாசிக்க. எங்க போடணும், சொல்லு."

அவன் கட்டைவிரலில் மை தடவி, பிடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்து அழுத்தினாள்.

ஆறாம் நாள் அவனை விட்டுவிட்டார்கள். "யாருன்னு கண்டுபிடிச்சிட்டாங்களாக்கா?" என்று பஸ்ஸில் வரும்போது கேட்டான். "மெஷின்ல கோளாறாம்" என்றாள். அவன் ஜன்னலோரம் சாய்ந்து காற்றைக் குடிப்பதுபோல வாயைத் திறந்து வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து மூன்று வாரத்தில் ரெண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட ஆரம்பித்தான். சென்னையில் இருந்து அவளுடைய நான்கு பக்கத்துக்குப் பதில் வந்திருந்தது. 'பெறப்பட்டது' என்று ஒரு எண்.

ஒரு சனிக்கிழமை காலை, பத்து மணி இருக்கும், வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கால் விரல்கள் வெளிறி, தோல் வெடித்து, உப்பளத்தில் வேலை செய்கிற கால் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"சகாயந் தம்பி வீடு இதானம்மா? நான் இசக்கியம்மா. கம்பெனில செத்துப்போனாவள்லா, கூடை தூக்குனவிய. அவிய வீட்டுல."

செல்வக்கனி கதவுப் பக்கம் ஒதுங்கினாள். உள்ளே இருந்து சகாயம்தான் கூப்பிட்டான். "வாங்க மதினி. உள்ள வாங்க."

இசக்கியம்மாள் தரையில் உட்கார்ந்து, மடியில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். "நேத்து வந்துச்சு. இங்கிலீஷ்ல இருக்கு. போஸ்ட்மேன் என்னமோ சொன்னாரு, எனக்கு வெளங்கல. டீச்சர் இருக்காவன்னு சொன்னாவ. கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்கம்மா."

செல்வக்கனி வாசித்தாள். வாசித்ததைத் தமிழில் சொன்னாள். எச்சரிக்கப்பட்ட பிறகும் நிறுத்தாதவர் என்று, வராதவர் என்று, மூவர் இறப்புக்கும் பொறுப்பானவர் என்று. மகளுக்குச் சொல்லியிருந்த வாரிசு வேலை இதனால் ரத்தாகிறது என்று. முப்பது நாளுக்குள் மனுச் செய்யலாம் என்று. வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் சொல்லிக்கொண்டே போனாள். வேறு குரல் அவளிடம் இல்லை.

இசக்கியம்மாள் பிளாஸ்டிக் கவரை மடக்கி மடியில் செருகினாள். "அவிய அப்படிச் செஞ்சிருப்பாவளா?" என்றாள். அப்புறம் தனக்குள்ளேயே பேசுவதுபோல, "ஒரு நாளும் சொன்னதைக் கேட்டதில்ல, அது வாஸ்தவம். ஆனா மூணு உசுரு… செஞ்சிருப்பாவளோ? கவருமெண்டே சொல்லுதே."

"இல்ல மதினி." சகாயம் சுவரைப் பிடித்து எழுந்து வந்தான். "சத்தியமா இல்ல. அண்ணாச்சி கூடைய வச்சிக்கிட்டு நின்னாவ, அவ்வளவுதான். அவியளுக்கு வால்வுன்னா என்னன்னே தெரியாது."

"இதை எழுதுனது யாரு அப்ப?"

"மெஷின்" என்றாள் செல்வக்கனி.

சகாயம் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். கண் சரியாகத் தெரியாதவன், அவள் குரல் வந்த திசையிலேயே கொஞ்சநேரம் நின்றான். அவன் விரல் தானாகக் கட்டைவிரல் நுனியைத் தேய்த்தது.

"நெசமா செஞ்சது யாரு தம்பி?"

"தெரியாது மதினி. ஒரு சாரு. பேரு தெரியாது."

"அப்ப தெரியாதுன்னு எழுதித் தாங்களேம்மா" என்றாள் இசக்கியம்மாள். அதைவிட எளிதான விஷயம் உலகத்தில் இல்லை என்பதுபோலச் சொன்னாள்.

"அப்படி எழுதுனா எடுத்துக்கிடாது."

"வேற என்ன எழுதணும்?"

செல்வக்கனி தாளை மடித்தாள், விரித்தாள். "வேற ஒரு பேரு எழுதணும். எழுதுனா இவிய பேரை எடுத்துருவாங்க."

"யாரு பேரை?"

தெருவில் ஒருவன் மீன் கூவிக்கொண்டு போனான்.

"என் பேரை எழுதுக்கா" என்றான் சகாயம். "முதல்ல இருந்த மாதிரியே இருக்கட்டும். எழுது. பேப்பர் எடு." சொல்லும்போதே இருமல் வந்து அவனை மடக்கி உட்கார வைத்தது. இசக்கியம்மாள் எட்டி அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தடவிக்கொண்டே செல்வக்கனியைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ, அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் செல்வக்கனி தாங்கிக்கொண்டிருப்பாள். அது இல்லை.

"நீ சும்மா இரு தம்பி. நீதான அவியளைத் தூக்கிட்டு வந்தே." அவன் இருமல் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு, "வேண்டாம்மா. இந்தத் தாளு இன்னொரு வீட்டுக்குப் போவ வேண்டாம். அங்கயும் ஒருத்தி இருந்து, செஞ்சிருப்பாவளோ செஞ்சிருப்பாவளோன்னு ராவும் பகலும் நெனச்சுக்கிட்டுக் கெடப்பா. அவிய பேரே கெடக்கட்டும். அவியளுக்கு இனிமே என்ன."

"உங்க மவளுக்கு வேலை…"

"அவ என்கூட உப்பளத்துக்கு வருவா."

எழுந்திருக்கப் போனவள், மறுபடி உட்கார்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு காட்டுங்க டீச்சரம்மா. இதுல அவிய பேரு எங்க இருக்கு? நான் வாயால சொன்னதும் கெடையாது, இங்கிலீஷ்ல எழுதிப் பாத்ததும் கெடையாது."

செல்வக்கனி தாளைத் தரையில் விரித்து, மூன்றாவது வரியைத் தேடி, ஆள்காட்டி விரலை அந்தப் பெயருக்குக் கீழே வைத்தாள். இசக்கியம்மாள் குனிந்து, உப்பில் வெளுத்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்துவரை மெள்ளப் பார்த்தாள்.

"இம்புட்டு நீளமா?" என்றாள்.

செல்வக்கனி விரலை எடுக்கப் போனாள்.

"எடுக்காதீங்கம்மா" என்றாள் இசக்கியம்மாள். "எடுத்துட்டீங்கன்னா அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போயிரும்."